கடன்காரர் யார்?

தமிழில் விசித்திரமான வார்த்தை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்ட மாத்திரத்தில், பேசப்படுகிறவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியாது. "வாசலில் கடன்காரர் வந்து நிற்கிறார்" என்று வீட்டுப் பிள்ளை உள்ளே ஓடி வந்து சொன்னால், வந்திருப்பவர் கொடுத்தவர் என்று எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. குடும்பத் தலைவருக்கு அந்த க்ஷணமே தலைவலியும் வந்துவிடுகிறது. "அவர் பெரிய கடன்காரர், அந்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம்" என்று பாட்டி சொன்னாலோ, அவர் வாங்கியவர்.

பால்காரர் என்றால் பால் விற்கிறவர். அவரிடம் பால் வாங்குகிறவரைப் பால்காரர் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் என்றால் வீட்டை உடையவர். வாடகைக்குக் குடியிருப்பவர் அல்லர். கடன்காரர் ஒருவர்தாம் கொடுத்தவராகவும் வாங்கியவராகவும் ஒரே பெயரில் உலவுகிறார். போதாததற்கு, சில வீடுகளில் தாயார்கள் சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளையையும் "கடன்காரா!" என்று வைவதுண்டு. பூர்வ ஜன்மத்தில் பட்ட கடனை வசூலிக்கப் பிள்ளையாய் வந்து பிறந்தவன் என்று பெரியவர்கள் இதற்கு வியாக்கியானம் சொல்வார்கள். அந்தக் கணக்கின்படி தாயார் வாங்கியவள், பிள்ளை கொடுத்தவன்; வசவு மட்டும் கொடுத்தவனுக்கு!

இது பாஷையின் குறை என்று சிலர் நினைக்கலாம். 'கடனாளி' என்று திட்டமான சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு என்று கேட்கலாம். நம்முடைய அபிப்பிராயம் வேறு. கடன் என்பதற்கு இரண்டு நுனி உண்டு என்பதையும், இரண்டு நுனியிலும் நிற்பவர்கள் அதனால் கட்டப்பட்டவர்கள் என்பதையும் தமிழ் மறக்கவில்லை. நாம்தாம் மறந்துவிட்டோம்.

இச்சொல்லின் பழைய சரித்திரத்தைப் பார்க்கலாம். புறநானூற்றின் 312-ஆம் பாட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவர்கள் எல்லோரும் அறிந்தது, பொன்முடியார் பாடியது. மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் பொறுப்பு, அவனைச் சான்றோனாக்குவது தந்தையின் பொறுப்பு, வேல் வடித்துத் தருவது கொல்லனின் பொறுப்பு, நல்ல நடையை அருளுவது அரசனின் பொறுப்பு, யானையை வீழ்த்திவிட்டுப் போர்க்களத்திலிருந்து திரும்புவது அந்த இளைஞனின் பொறுப்பு என்று வரிசையாகப் போகிறது அந்தப் பாட்டு. இங்கே நாம் 'பொறுப்பு' என்று எழுதிய இடத்திலெல்லாம் மூலத்தில் இருக்கும் சொல் 'கடன்' என்பதே. ஆறே அடியில் ஐந்து தடவை வருகிறது; ஓரிடத்திலாவது பணம் இல்லை. ஐவரில் ஒருவராவது மற்றவரிடம் எதையும் வாங்கியதாகவும் இல்லை. வாங்காமலே கடன்! அந்த வரிசையில் அரசனும் தப்பவில்லை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவனைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

அப்பர் சுவாமிகள் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கடம்பூர்க் கரக்கோயிலில் பாடிய தேவாரத்தில், தொண்டு செய்து கிடப்பதைத் தம்முடைய கடனாகச் சொல்லும் அவர், அடியவனைத் தாங்குவதை இறைவனுடைய கடனாக்கிவிடுகிறார். ஆண்டவனையும் கடன்காரனாக்கும் துணிவு பக்தர்களுக்கு மட்டுமே உரியது.

ஆனால் சங்க காலத்தில் பணக் கடனும் பொருட் கடனும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கலித்தொகையின் 22-ஆம் பாட்டைப் படித்தால் அந்தச் சந்தேகம் தீரும். கடன் கேட்கும்போது இருக்கிற முகம் வேறு, வாங்கியதைத் திருப்பும்போது இருக்கிற முகம் வேறு. இது பழைய காலத்திலிருந்தே உலக இயற்கை, இன்றைக்குப் புதிதல்ல என்று அங்கே தோழி தலைவனிடம் இடித்துச் சொல்கிறாள். சங்கப் பாட்டிலேயே இதைப் 'பழைய வழக்கம்' என்று சொல்லியிருக்கும்போது, நம்மிடம் கைமாற்று வாங்கிப் போனவர் தெருவில் நம்மைக் கண்டதும் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார் என்று நாம் வருந்துவதில் அர்த்தமில்லை.

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது குடிகள் செலுத்தும் நிலவரிக்குப் பெயர். இன்றைக்குக் 'கடமை' என்றால் நமக்கு மேடைப் பிரசங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைய விவசாயிக்கு வரி வாங்க வரும் அதிகாரி ஞாபகத்துக்கு வந்திருப்பார்.

* * *

தமிழ் மாத்திரந்தான் இப்படி என்பதில்லை. ஆங்கிலத்தில் 'செய்ய வேண்டியது' என்பதைக் குறிக்கும் 'ஆட்' என்னும் சொல், 'கடன்பட்டிருத்தல்' என்பதைக் குறிக்கும் 'ஓ' என்னும் சொல்லின் பழைய இறந்தகால உருவம். 'டியூட்டி' என்ற சொல் 'டியூ' என்பதிலிருந்து பிறந்தது. ஜெர்மானியர்களிடம் 'ஷுல்ட்' என்ற ஒரே சொல் கடனுக்கும் குற்றத்துக்கும் உரியது. கடன்பட்டவன் குற்றவாளி என்று ஒரு ஜாதியாரின் பாஷையே தீர்ப்புச் சொல்லிவிட்டது! நம்முடைய பாஷை அப்படிச் சொல்லவில்லை. கடமையோடுதான் அதைச் சேர்த்து வைத்தது. இந்த வித்தியாசம் சாமானியமானதல்ல.

ஸம்ஸ்கிருதத்தில் 'ருணம்'. பிராமணன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பிதுர்க்களுக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்று தைத்திரீய ஸம்ஹிதை கூறுகிறது. படிப்பினால் ஒன்றும், வேள்வியினால் ஒன்றும், மக்கட்பேற்றினால் ஒன்றும் தீரும். கி.பி. 628-இல் நூல் இயற்றிய பிரம்மகுப்தர் பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்ணைத் 'தனம்' என்றும், கீழ்ப்பட்டதை 'ருணம்' என்றும் பெயரிட்டு, கடனைக் கடனால் பெருக்கினால் தனம் வரும் என்று விதி செய்தார். கணக்கு வகுப்பில் இதைச் சொல்லும்போது பையன்கள் முகத்தில் ஓர் அவநம்பிக்கை தோன்றுவதைக் கண்டிருக்கிறோம். அவர்கள் வீட்டில் கடனைக் கடனால் பெருக்கியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை போலும்!

கழித்தல் கணக்கிலும் இந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்றிலிருந்து ஏழைக் கழிக்க முடியாவிட்டால், பக்கத்து ஸ்தானத்தில் ஒன்று 'கடன் வாங்கி'க் கழிக்கச் சொல்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே இந்த முறையில் எழுவதில்லை. மேல் எண்ணுக்குப் பத்தைக் கூட்டி, அடுத்த ஸ்தானத்தில் கீழ் எண்ணுக்கு ஒன்றைக் கூட்டும் வேறொரு முறையும் உண்டு. அதில் வாங்கியது அப்போதைக்கப்போதே திருப்பப்பட்டுவிடும். அந்த நேர்மையான முறை நம் வகுப்புகளில் நிலைபெறவில்லை.

ஒரு சமயம் எட்டாம் வகுப்பில் 'கடன்' என்னும் சொல்லை அமைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னோம். ஏறக்குறைய எல்லோரும் வங்கியையும் நகையையும் பற்றி எழுதினார்கள். ஒரு பையன் 'காலைக்கடன்' என்று எழுதப்போய், வகுப்பின் சிரிப்புக்கு ஆளானான். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "கடன் இருப்பதால் எங்கள் அப்பா பின்வாசல் வழியாக வருவார்." எழுவாய், பயனிலை எல்லாம் சரியாகவே இருந்தன.

* * *

காலைக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன், நீர்க்கடன், செஞ்சோற்றுக் கடன் என்று பணத்துக்கு வெளியே இச்சொல் நடமாடும் இடங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. இவற்றைப் பற்றி ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இவை எவற்றுக்கும் வட்டி கிடையாது. பெரும்பாலானவற்றை யாரிடமிருந்து பெற்றோமோ அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பெற்றோர் நமக்குச் செய்ததை நாம் பிள்ளைகளுக்குச் செய்து தீர்க்கிறோம். போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று வள்ளுவர் கேட்டதும் இந்த இனத்தைச் சேர்ந்த கடனைப் பற்றியதே.

வினைச்சொற்களைக் கவனித்தால் இரண்டு வகைக் கடனும் பிரிந்து நிற்பது தெரியும். கடமையாகிய கடனை 'ஆற்றுகிறோம்', நேர்த்திக்கடனைச் 'செலுத்துகிறோம்'. பணக் கடனையோ 'அடைக்கிறோம்'. ஏரிக்கரையில் உடைப்பு எடுத்தால் அடைப்பது போல, பானையில் ஓட்டை விழுந்தால் அடைப்பது போல! அது ஒரு துவாரம் என்று பாஷைக்குத் தெரிந்திருக்கிறது. வாங்கும்போது 'கடன்படுகிறோம்'. துன்பப்படுதல், அடிபடுதல், அகப்படுதல் எல்லாம் இந்தப் 'படு'வின் குடும்பத்தார். இராவணன் போர்க்களத்தில் மனம் கலங்கியதற்குக் கடன்பட்டவனுடைய நெஞ்சை உவமையாகச் சொல்லும் பிரசித்தமான அடி ஒன்று உண்டு. கம்பர் வாக்கென்று அதை மேடைகளில் முழங்குவார்கள். கம்ப ராமாயணத்தில் தேடினால் அது அகப்படாது. கடன்பட்ட ஜனங்கள் தங்கள் அனுபவத்தைக் கம்பர் பேரில் பற்று எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

'கடனே என்று செய்தான்' என்றும் ஒரு வழக்கு இருக்கிறது. மனமில்லாமல், ஒப்புக்குச் செய்தான் என்று அதற்குப் பொருள். பொன்முடியார் தாய்க்கும் வேந்தனுக்கும் சூட்டிய சொல் இங்கே எவ்வளவு கீழே இறங்கிவிட்டது, பாருங்கள்!

இனி அடுக்களைப் பக்கம் போகலாம். அடுத்த வீட்டிலிருந்து ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி, கடைக்குப் போய் வந்ததும் அதே டம்ளரில் அதே அளவு திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் அடியோடு போய்விடவில்லை. இதற்குப் பழந்தமிழில் 'குறியெதிர்ப்பை' என்று அழகான பெயர் உண்டு. குறித்த அளவை அப்படியே எதிர்கொடுப்பது என்பது கருத்து. திருக்குறளில் ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே இச்சொல் வருகிறது. ஏழைக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்று தரம் பிரிக்கிறார் வள்ளுவர். ஆனால் தரத்தில் குறைந்த இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் தெருவைத் தெருவாக வைத்திருக்கிறது. அண்டை வீட்டு அம்மாள் டம்ளரைத் தலைதட்டி வாங்கிக்கொண்டு போய்க் கோபுரமாகக் குவித்துத் திருப்பிக் கொடுப்பாள். அந்தக் கோபுரம் வட்டி அல்ல. வட்டி என்று சொன்னால் அவளுக்கு ஆத்திரம் வரும்.

பணத்தில் இதற்குச் சமானம் 'கைமாற்று'. கையிலிருந்து கைக்கு மாறுவது. பத்திரம் இல்லை, வட்டி இல்லை, சில சமயம் திரும்பி வருவதும் இல்லை. 'கடன் கொடு' என்று கேட்கக் கூசுகிறவர் 'ஒரு கைமாற்று' என்று கேட்பார். வார்த்தையை மாற்றியதும் கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

இப்படி வார்த்தையை மாற்றிக்கொள்வதில் சிகரம் 'மொய்' என்று சொல்லலாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கங்களிலும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி மாதம் பிறந்துவிட்டால் மொய் விருந்துகள் ஆரம்பமாகிவிடும். கல்யாணம், காதுகுத்து ஒன்றும் இல்லாமலே பத்திரிகை அடித்து அழைப்பார்கள். ஆட்டுக்கறி விருந்து நடக்கும். சாப்பிட்டு எழுந்தவர்கள் வரிசையாக வந்து, மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பேரைச் சொல்லிப் பணத்தைக் கொடுப்பார்கள். எல்லாம் நோட்டில் ஏறும். விருந்து வைத்தவர், பின்னால் அவரவர் விருந்து வைக்கும்போது, அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்து, அதன்மேல் புதிதாகவும் கொஞ்சம் செய்வார். லக்ஷக் கணக்கில் தொகை சேரும். கிணறு வெட்டுவதும் கடை வைப்பதும் பிள்ளையைப் படிக்க வைப்பதும் இதைக் கொண்டே நடக்கும். இதில் 'கடன்' என்ற சொல் யார் வாயிலும் வராது. 'மொய் செய்தார்', 'மொய் வாங்கினார்', அவ்வளவுதான். வாங்கிய மொய்யைச் செய்யாதவரை அடுத்த விருந்தில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; ஆனால் ஊர் முழுவதும் அறிந்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து அந்தப் பிரதேசத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. தென்னைகள் விழுந்தன, மொய் நோட்டில் இருந்த கணக்கு விழவில்லை.

கடைத்தெருப் பாஷை வேறு. மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள் 'பற்று எழுதிக்கொள்ளுங்கள்' என்பார்கள். பற்று என்றால் ஆசை, பந்தம் என்றும் பொருள். பற்றை விடும்படி ஞானிகள் உபதேசிக்கிறார்கள். மளிகைக்காரரும் முதல் தேதியன்று அதையேதான் உபதேசிக்கிறார். உபதேசத்தில் நம்பிக்கை இழந்தவர்கள், 'கடன் அன்பை முறிக்கும்' என்றும், 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்றும் சுவரில் எழுதி மாட்டிவிடுகிறார்கள்.

கடனைப் பற்றிப் பேச நாம் உபயோகிக்கும் சொற்களிலேயே பாதி கடன் வாங்கியவை என்பது இன்னொரு வேடிக்கை. அசல், பாக்கி, வசூல், ஜப்தி, ஜாமீன் எல்லாம் அரபு தேசத்தில் பிறந்து, பாரசீகம் வழியாக நவாபுகளின் கச்சேரிகளில் தங்கி, நம்மிடம் வந்து சேர்ந்தவை. முதல், ஒத்தி, ஈடு, தவணை என்பவை இங்கேயே இருந்துவருகின்றன. அடகு வைத்த நகையைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழுக்குத் தனி உருக்கம் வந்துவிடுகிறது. சிறையிலிருந்து ஆளை மீட்பது போல நகையை 'மீட்கிறோம்'. தவணை தப்பினால் நகை 'மூழ்கிப்' போகிறது. ஏலம் போயிற்று என்று கடைக்காரர் சொல்வார். மூழ்கிப் போயிற்று என்றுதான் வீட்டுப் பெண்மணி சொல்வாள். கண்ணெதிரே தண்ணீரில் அமிழ்ந்து போனதைப் பார்த்தவள் அவள்தானே?

* * *

இப்போது புதிதாக 'லோன்' வந்திருக்கிறது. லோனும் கடனும் ஒன்றே என்று அகராதி சொல்லும். வழக்கம் அப்படிச் சொல்லவில்லை. கடன் 'படுகிற' ஒன்று. லோனோ 'போடுகிற' ஒன்று. "வீட்டுக்கு லோன் போட்டிருக்கிறேன்" என்று சொல்கிறவர் குரலில் கலக்கம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது. 'கடன் வாங்கி மோட்டார் வாங்கினான்' என்றால் பழிச்சொல். 'லோன் போட்டு வாங்கினான்' என்றால் சாமர்த்தியம். மாதாமாதம் கட்ட வேண்டியதற்கு 'டியூ' என்று பெயர். அதைக் கட்டுவதற்காக அவர் தினந்தோறும் போவது 'டியூட்டி'க்கு. டியூவும் டியூட்டியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முன்பே சொன்னோம். கடனும் கடமையும் அதே உறவில் நம் வீட்டிலேயே இருந்தன. அவற்றைப் பிரித்து வைத்துவிட்டு, அயலூரிலிருந்து இன்னொரு ஜோடியைக் கொண்டு வந்திருக்கிறோம்.

லோன் போடுவது தவறு என்று சொல்ல நாம் முன்வரவில்லை. மாதச் சம்பளக்காரர் வீடு கட்ட வேறு மார்க்கம் ஏது? 'கடனோடு கடன், கந்தப்பொடி காற்பணம்' என்ற பழமொழிதான் கவனத்துக்குரியது. பெரிய கடன் இருக்கிறதே, அதோடு வாசனைப் பொடிக்கும் கால் பணம் சேரட்டும் என்று நினைத்த அந்தப் பழைய மனிதர், இன்று கைபேசியை ஐந்து நிமிஷம் தட்டினால் போதும்.

பெரிய மனிதர்களுக்கு மட்டும் கடனிலும் மரியாதையான சொற்கள் வாய்த்திருக்கின்றன. சாதாரணமாக, 90 நாட்களுக்கு மேல் வட்டியோ தவணையோ நின்றுவிட்ட கடனை வங்கிகள் தனியாகப் பிரித்து வைக்கின்றன. 'வாராக் கடன்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. நாம் வகுப்பில் உபயோகிக்கிறோம். ஆனால் அந்தத் தொடரின் போக்கைப் பாருங்கள்: கடன்தான் வரவில்லையாம்! கொடுக்காதவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அதில் இல்லை. ஐயாயிரம் ரூபாய் திருப்பாதவரை யாரும் 'வாராக் கடன் உடையவர்' என்று சொல்லிப் பார்த்ததில்லை.

'தள்ளுபடி' என்ற சொல்லோ பெரிய அனர்த்தத்தையே விளைவித்துவிட்டது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் இருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. வாங்கிய விவசாயியின் பொறுப்பு அதோடு தீர்ந்தது. வங்கிகள் பெரிய கம்பெனிகளின் வாராக் கடனைத் தங்கள் ஐந்தொகையிலிருந்து நீக்கி வைப்பதையும் பத்திரிகைகள் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. அதில் வாங்கியவருடைய பொறுப்பு தீர்வதில்லை; வங்கி தொடர்ந்து வசூலிக்கலாம். இரண்டும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு திண்ணையிலும் ரயிலிலும் ஜனங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆடி மாதத்து ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் சேர்த்தால், ஒரு சொல்லின் தலையில் மூன்று சுமை. ஐந்தொகையிலிருந்து எடுப்பதைக் 'கணக்கு நீக்கம்' என்று எழுதினால் என்ன முழுகிப்போகும்?

* * *

கொடுத்தவரும் கடன்காரரே என்று ஆரம்பத்தில் சொன்னோம். அவருடைய கடன் என்ன?

நம் முன்னோர்கள் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். எந்தச் சமயத்திலும் வட்டிப் பாக்கி முதலுக்கு மேற்படலாகாது என்பது ஹிந்து தர்ம சாஸ்திர விதி. 'தாம்துபட்' என்ற பெயரில் பம்பாய் மாகாணத்து நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றி வந்தன. 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தபோது, சென்னை மாகாணத்து விவசாயி அதே ரூபாயை அடைக்க முன்னிலும் அதிக நெல்லை விற்க வேண்டியதாயிற்று. ராஜாஜியின் மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நின்றிருந்த வட்டி முழுவதையும் அச்சட்டம் ரத்துச் செய்தது. முதலாகவோ வட்டியாகவோ, வாங்கியதில் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், கடனே தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. அடைப்பது மட்டும் கடன் அல்ல, ஓரிடத்தில் போதும் என்று நிறுத்திக்கொள்வதும் கடன்தான் என்று கொடுத்தவர்களுக்குச் சட்டம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பின்னும் சொல்ல வேண்டியிருந்தது. மிகைவட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் ஒரு சட்டம் பிறந்தது. அதன் ஆங்கில வாசகத்தைப் பார்த்தால், நடுவே நம் தெருவின் சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன: கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல். ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பெயர் அகப்படவில்லை போலும். மணிக்கு இவ்வளவு என்று ஏறுகிற வட்டிக்குத் தமிழன் வாடகை மோட்டாரின் மீட்டரைப் பார்த்துப் பெயர் வைத்த சாமர்த்தியத்தை மெச்சுவதா, நோவதா?

சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 அக்டோபர் 23-ஆம் தேதி திங்கட்கிழமை, திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளியும் அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தீக்கு இரையானார்கள். கந்துவட்டித் தொல்லை என்று பல முறை மனுக் கொடுத்திருந்தார்கள். அன்றும் மனு வாங்குகிற நாள்தான். பொன்முடியாரின் வரிசையில் நான்காவதாக நிற்கிறவனை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அவனுடைய வாசல் அது. கடன் வசூலில் மிரட்டலையும் பலாத்காரத்தையும் தடுக்க 2025-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது.

சட்டத்துக்கு எட்டாத ஓரிடம் உண்டு. அது வீட்டுக்குள்ளே இருக்கிறது. நம் குடும்பங்களில் கடன் பெரும்பாலும் ரகசியமாகவே வளர்கிறது. கணவன் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மனைவி சீட்டுப் பிடித்து ஈடுகட்டியது கணவனுக்குத் தெரியாது. பீரோவில் நகைப் பெட்டி இருக்கிறது. பெட்டியில் நகை இருக்கிறதா என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும். ஜப்தி நோட்டீஸ் வந்த அன்றைக்குத்தான் 'கடன்' என்ற சொல் அந்த வீட்டில் முதன்முதலாக உரக்க ஒலிக்கிறது. அதுவரை குழந்தைகள் பின்வாசலை மட்டும் அறிந்திருக்கிறார்கள்.

பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வறுமையில் மிகவும் அடிபட்டவர். அவர் முதிரமலைத் தலைவனான குமணனைப் பாடிப் பெரும் பரிசு பெற்று வீடு திரும்பினார். வந்ததும் மனைவியிடம் சொன்னது புறநானூற்றில் 163-ஆம் பாட்டாக இருக்கிறது. உன்னை விரும்பி வாழ்கிறவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, நம் சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவினார்களே, அவர்களுக்கும் கொடு என்கிறார். வறுமைக் காலத்தில் அண்டை அயலில் யாரிடம் எவ்வளவு அளந்து வாங்கினோம் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அவளுக்குத்தான் தெரியும். இன்னாருக்கு என்று பார்க்க வேண்டாம், நாளைக்கு வேண்டுமே என்று சேர்த்து வைக்கவும் வேண்டாம், என்னைக் கேட்கவும் வேண்டாம் என்று சொல்லி, குமணன் கொடுத்த செல்வம் முழுவதையும் அவள் கையில் விட்டுவிடுகிறார்.